மேசைக் கணினியில் விநோத ஒலிகளும் திடீர் முடக்கங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி நின்றுபோனவுடன் பெரும்பாலோர் கேட்பது, "எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும்?" என்பதே. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால், அது எப்போது நிற்கிறது, எந்த விதத்தில் நிற்கிறது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் அந்த நோக்கிலேயே எழுதப்பட்டுள்ளன. விண்டோஸ் கணினிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருந்தாலும், ஒலி, வெப்பம், மின்சாரம் பற்றிய பகுதிகள் லினக்ஸ் பயன்படுத்துவோருக்கும் அப்படியே பொருந்தும்.

ஒலியும் முடக்கமும் ஒரே சமயத்தில் தொடங்கின. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா?

சில சமயம் ஆம். ஹார்ட் டிஸ்க் "டக், டக்" என்று அடித்துக்கொள்ளும் நேரத்திலேயே திரை உறைகிறது என்றால் இரண்டும் ஒரே பழுதின் வெளிப்பாடுகள். ப்ராசஸர் விசிறி சில நாள் கரகரத்துவிட்டு நின்றுபோய், அதன்பின் கணினி சூடேறி அணைகிறது என்றாலும் ஐயமில்லை. ஆனால் காதில் விழுகிறது என்பதற்காகவே ஒலியின் மீது பழியைப் போட்டுவிடக் கூடாது. விளையாட்டின் நடுவே கிராஃபிக்ஸ் கார்டு கீச்சிடுகிறது, சற்று நேரத்தில் கணினியும் அணைகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்சுமை கூடும்போது இரண்டும் நிகழ்கின்றன என்பது மட்டுமே அவற்றுக்கிடையிலான உறவு. அணைத்தது கீச்சொலி அன்று. பெரும்பாலும் அது, பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் வேலையாக இருக்கும்.

எனவே ஒரு தாளில் ஒவ்வொரு முறையும் மூன்று செய்திகளைக் குறித்துவையுங்கள்: நேரம், அப்போது ஓடிக்கொண்டிருந்த மென்பொருள், நின்ற விதம். நின்ற விதம் என்பது நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். மின்சாரம் போனதுபோல் அடியோடு அணையலாம். தானே மறுதொடக்கம் ஆகலாம். திரையில் படம் நிற்க, எந்த விசைக்கும் அசையாமல் உறையலாம். நீலத் திரை காட்டி நிற்கலாம். இந்த நான்கையும் "கணினி ஆஃப் ஆகிவிடுகிறது" என்ற ஒரே தொடரில் அடக்கிச் சொல்வதால்தான் பல நேரங்களில் தேவையற்ற பாகங்கள் வாங்கப்படுகின்றன.

சோதிக்கத் தொடங்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். சந்தேகம் டிஸ்க்கின் மீது என்றால், நகலெடுத்து முடிக்கும்வரை வேறு எந்தச் சோதனையையும் ஓட்டாதீர்கள். டிஸ்க் முழுவதையும் வரிசையாகப் படித்துப் பார்க்கும் சோதனைகள், ஏற்கெனவே தள்ளாடும் டிஸ்க்கை அன்றைக்கே முடித்துவிடக்கூடும். ஈடு செய்ய முடியாத கோப்புகளை முதலிலும், இணையத்தில் மீண்டும் கிடைக்கக்கூடியவற்றைக் கடைசியிலும் எடுங்கள்.

ஒலி எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, தடித்த தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு பாகத்திற்கு அருகிலும் வைத்துக் கேளுங்கள். தகடு கழன்றவுடனேயே ஒலி நின்றுவிட்டால் வேலை முடிந்தது: தகடோ அதன் திருகோதான் அதிர்ந்துகொண்டிருந்தது. விசிறிகளைச் சந்தேகித்தால், கணினியை அணைத்துவிட்டு, ப்ராசஸர் விசிறி தவிர்த்த மற்றவற்றில் ஒவ்வொன்றாக இணைப்பைக் கழற்றி மீண்டும் இயக்கிப் பாருங்கள். ப்ராசஸர் விசிறியை மட்டும் கழற்ற வேண்டாம். விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் சொந்த மென்பொருளான பயாஸ் அமைப்புக்குள் சென்று அதன் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தாலே போதும். வேகத்தோடு ஒலியின் சுருதியும் ஏறி இறங்கினால் குற்றவாளி விசிறியே. விண்டோஸ் தொடங்காமல் பயாஸ் திரையில் நிற்கும்போதும் அதே ஒலி கேட்கிறதா என்பதையும் கவனியுங்கள். கேட்டால் மென்பொருள்களை அந்த வழக்கிலிருந்து விடுவித்துவிடலாம்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து "டக்... டக்... டக்" என்று சீராக ஒலி வருகிறது. எவ்வளவு காலம் தாங்கும்?

நாள் குறித்துச் சொல்ல எவராலும் இயலாது. அடுத்த முறை இயக்கும்போது அது எழும் என்று நம்பாமல் நடந்துகொள்வதே பொருத்தம்.

டிஸ்க்கினுள் தட்டுகள் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 சுற்றுகள் சுழல்கின்றன. படிக்கும் முனை அவற்றின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில், தட்டைத் தொடாமல் மிதக்கிறது. தான் எந்தத் தடத்தின் மேல் இருக்கிறோம் என்பதை, தட்டிலேயே தொழிற்சாலையில் எழுதப்பட்ட இடக்குறிகளைப் படித்துத்தான் அது தெரிந்துகொள்கிறது. முனை சேதமடைந்தோ தட்டு கீறலுற்றோ அந்தக் குறிகள் படிக்கப்படாமல் போனால், கை தன் தொடக்க நிலைக்குத் திரும்பி மீண்டும் முயல்கிறது. திரும்பும் ஒவ்வொரு முறையும் நாம் கேட்பதுதான் அந்த "டக்". கோப்புகளைப் படிக்கும்போது எழும் மெல்லிய, ஒழுங்கற்ற "கிறுகிறு" ஒலி வேறு. அது கை இயல்பாக நகரும் ஒலி, கவலை வேண்டாம். ஒரே கால இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதும், அதே நேரத்தில் விண்டோஸ் உறைவதும்தான் அபாய அறிகுறி.

டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவுகளை, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். அதில் 5, 197, 198 ஆகிய மூன்று எண்களின் மூல மதிப்பைப் பாருங்கள். 5 என்பது பழுதாகி மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. 197 என்பது படிக்க முடியாமல் முடிவு நிலுவையில் உள்ளவை. 198 என்பது திருத்தவே முடியாதவை. இவை சுழியாக இருப்பதே இயல்பு. சுழியைத் தாண்டிய எண், வாரத்துக்கு வாரம் ஏறவும் செய்தால், அந்த டிஸ்க்கை மாற்றுவதில் தயக்கம் கூடாது. 199 ஏறினால் மட்டும் கதை வேறு: அது டிஸ்க்கிற்கும் மதர்போர்டிற்கும் இடையில் தரவு சிதைந்ததைக் காட்டுகிறது, பெரும்பாலும் சாட்டா கேபிளை மாற்றினாலே தீர்ந்துவிடும். சில மென்பொருள்கள் இவற்றைப் பதினறும முறையில் சி5, சி6, சி7 என்று காட்டும். அவை முறையே 197, 198, 199.

பதிவுகள் சுத்தமாக இருப்பதாலேயே டிஸ்க் நலம் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. கூகுள் நிறுவனம் தன் டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், செயலிழந்தவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை, வலுவான நான்கு எச்சரிக்கை எண்களில் ஒன்றிலும் எதையும் காட்டாமலேயே செயலிழந்திருந்தன. பதிவு நன்றாக இருந்து காது வேறு சொன்னால், காதை நம்புங்கள்.

டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் கோப்புகளை மீட்கலாம் என்று சொல்கிறார்களே?

வேண்டாம். வெளியே எடுத்தவுடன் உள்ளே ஈரம் படியும். ஈரம் படிந்த தட்டின் மேல் முனை மோதும். வீட்டில் டிஸ்க்கின் மூடியைத் திறப்பதும் அதே வகை. கோப்புகள் விலைமதிப்பற்றவை என்றால், மின்சாரம் கொடுப்பதை உடனே நிறுத்திவிட்டுத் தரவு மீட்பு வல்லுநரிடம் கொடுங்கள்.

என் கணினியில் எஸ்எஸ்டி மட்டுமே உள்ளது. இருந்தும் "டிக் டிக்" கேட்கிறது.

எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லை. தொங்கும் கேபிள் ஒன்றை விசிறி இறகு தட்டிக்கொண்டிருக்கும். கேபிளை ஒதுக்கிக் கட்டுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கின் அருகில் உரத்த ஒலி எழுந்தால் அது பாதிக்கப்படுமா?

வீட்டு ஒலிபெருக்கி அளவுக்குக் கவலை வேண்டாம். ஆனால் கேள்வி வேடிக்கையானதன்று. 2016 செப்டம்பரில் புக்காரெஸ்ட்டில் ஒரு வங்கியின் தரவு மையத்தில் தீயணைப்பு வாயு அமைப்பைச் சோதித்தபோது, வாயு பீய்ச்சியடித்த பேரொலியின் அதிர்வில் ஏராளமான ஹார்ட் டிஸ்க்குகள் பழுதாகி, வங்கியின் சேவைகள் பல மணி நேரம் நின்றன. நம் மேசையில் கவனிக்க வேண்டியது இதன் சிறிய வடிவம்தான்: சமநிலை தவறிய விசிறி டிஸ்க் மாட்டியுள்ள சட்டத்தையே அதிரவைத்தால், முனை தடத்தைத் தவறவிட்டு மறுபடி படிக்க நேர்ந்து, கணினி காரணமின்றி மெதுவாகத் தோன்றும்.

விசிறியின் கரகர ஒலிக்கு எண்ணெய் விட்டால் போதுமா?

சில வாரங்களுக்குப் போதும். விசிறியின் ஒலியில் மூன்று வகை உண்டு. ப்ராசஸரின் வெப்பத்தை வாங்கும் உலோகத் தொகுதியான ஹீட் சிங்க்கில் தூசி அடைத்து, அதன் வழியே காற்றைத் தள்ள விசிறி முழு வேகத்தில் ஓடும் இரைச்சல் முதல் வகை. சுத்தம் செய்தால் தீரும். இறகில் தூசி ஒருபுறமாகப் படிந்து எடை சமமின்றி எழும் அதிர்வு இரண்டாவது. அதுவும் சுத்தத்தால் தீரும். மூன்றாவதுதான் பேரிங், அதாவது விசிறியின் அச்சைத் தாங்கும் பகுதி, தேய்வது. இயக்கிய முதல் சில நிமிடங்கள் உறுமிவிட்டு, சூடானதும் அடங்குகிறது என்றால், அல்லது கேபினட்டைப் படுக்கவைத்தால் ஒலி மாறுகிறது என்றால், பேரிங்கில் மசகு வற்றிவிட்டது. மலிவான ஸ்லீவ் பேரிங் விசிறிகளில் இது விரைவில் வரும். திரவ பேரிங் விசிறிகள் நீண்ட நாள் உழைக்கும். விசிறியை மாற்றும்போது 80, 92, 120, 140 மில்லிமீட்டர் என்ற அளவையும், இணைப்பில் 3 ஊசிகளா 4 ஊசிகளா என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

சுத்தம் செய்கையில் காற்றடிப்பானால் இறகைப் பறக்கவிடுவது பலருக்கும் பிடித்த காட்சி. அப்படிச் செய்யாதீர்கள். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். வடிவமைக்கப்பட்ட வேகத்தை மீறிச் சுழன்றால் பேரிங் கெடும், சுழலும் மோட்டார் மின்னழுத்தத்தை உண்டாக்கி மதர்போர்டிற்கும் அனுப்பும்.

விளையாடும்போது மெல்லிய கீச்சொலி எழுகிறது. மெனுத் திரையில் இன்னும் அதிகம். கார்டு பழுதா?

பழுதன்று. கிராஃபிக்ஸ் கார்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் உள்ள சுருள்களில் மின்னோட்டம் விரைவாக ஏறி இறங்கும்போது, அவை மிக நுண்ணிய அளவில் அதிர்கின்றன. அந்த அதிர்வு நம் செவிக்கு எட்டும் அதிர்வெண்ணில் விழுந்தால் கீச்சொலியாகக் கேட்கிறது. மெனுத் திரையில் வரைவதற்கு ஒன்றும் இல்லாததால் கார்டு வினாடிக்கு ஆயிரக்கணக்கான படங்களைக்கூட வரைந்து தள்ளும். அங்கு ஒலி கூடுவதற்குக் காரணம் அதுவே. வினாடிக்கான படங்களின் எண்ணிக்கைக்கு விளையாட்டின் அமைப்புகளிலோ, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் அமைப்புகளிலோ வரம்பு வையுங்கள். ஒலி பெரும்பாலும் அடங்கிவிடும்.

நீர்க் குளிர்விப்பானில் "களகள" என்று கேட்கிறது.

பம்பினுள் காற்றுக்குமிழி நுழைந்திருக்கிறது. பம்ப் முழு அமைப்பிலும் உயரமான இடத்தில் இருக்கக் கூடாது. ரேடியேட்டரின் ஒரு பகுதியாவது அதைவிட உயரத்தில் இருந்தால் காற்று அங்கு போய்த் தங்கிவிடும். ஒலி தொடர்ந்து, ப்ராசஸர் வெப்பமும் ஏறினால் பம்ப் ஓய்வுபெறும் நிலையில் இருக்கிறது.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து "கிளிக்" என்று கேட்கிறது. இது ஆபத்தா?

இயக்கும்போதும் அணைக்கும்போதும் ஒரே ஒரு முறை கேட்டால், உள்ளே உள்ள ரிலே திறந்து மூடும் ஒலி. பல நல்ல எஸ்எம்பிஎஸ்களில் அது இயல்பு. இயக்கப் பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் அரைச் சுற்றுச் சுற்றி நின்று, "கிளிக்", மீண்டும் அரைச் சுற்று, மீண்டும் "கிளிக்" என்று போனால், எங்கோ குறுக்குச்சுற்று இருப்பதை உணர்ந்து அது தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. அப்போது மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்திப் பார்க்காமல், இணைத்துள்ள பாகங்களைக் கழற்றிச் சோதிக்க வேண்டும். சீறல் ஒலியோ, கருகிய வாடையோ வந்தால் சுவரிலிருந்தே பிளக்கைப் பிடுங்குங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் முதன்மைக் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டிற்கும் மேற்பட்ட நேர்மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். உயிரைப் பறிக்க அது போதும்.

இயக்கியதும் "பீப்" ஒலிகள் மட்டுமே. திரையில் எதுவும் இல்லை.

மதர்போர்டு தன் முதற்சோதனையில் கண்ட குறையை அவ்வாறு சொல்கிறது. குறியீடு பயாஸ் தயாரிப்பாளரைப் பொறுத்து மாறும். பழைய ஏஎம்ஐ பயாஸில் 3 குறு ஒலிகள் ரேமையும் 8 குறு ஒலிகள் கிராஃபிக்ஸ் கார்டையும் குறிக்கும். அவார்டு பயாஸில் ஒரு நெடிலும் இரு குறிலும் கிராஃபிக்ஸைக் குறிக்கும். இப்போதைய போர்டுகள் பலவற்றில் ஒலிப்பானே இருப்பதில்லை. அதற்குப் பதிலாக சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று பெயரிட்ட நான்கு சிறு விளக்குகள் இருக்கும். அவை முறையே ப்ராசஸர், ரேம், கிராஃபிக்ஸ் கார்டு, தொடக்க டிஸ்க். எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அங்கு தொடங்குங்கள். டிடிஆர்5 ரேமைப் புதிதாகப் பொருத்தியிருந்தால் மட்டும் பொறுமை தேவை: முதல் இயக்கத்தில் ரேமைப் பழக்கிக்கொள்ளப் போர்டு சில நிமிடங்கள் கருந்திரையிலேயே நிற்கும். அதைப் பழுதென்று எண்ணி நடுவில் அணைப்பவர்களே அதிகம்.

உறைந்தவுடன் ஒலிபெருக்கியில் "ஜ்ஜ்ஜ்" என்று ஒரே ஒலி தொடர்கிறது. சவுண்டு கார்டு கெட்டுவிட்டதா?

இல்லை. ஒலிப் பகுதி, நினைவகத்தில் உள்ள ஒரு சிறிய வட்டப் பகுதியிலிருந்து ஒலித்துணுக்குகளைத் தானாகவே எடுத்து இசைத்துக்கொண்டிருக்கும். அந்த வட்டத்தில் புதிய துணுக்குகளை நிரப்புவது ப்ராசஸரின் வேலை. ப்ராசஸர் நின்றுவிட்டால் நிரப்ப ஆளில்லை. ஒலிப் பகுதியோ அதை அறியாமல், கடைசியாகக் கிடைத்த நொடித்துளி ஒலியையே சுற்றிச் சுற்றி இசைக்கிறது. ஆகவே இந்த ஒலி சொல்வது, கணினியின் மையமே உறைந்தது என்பதைத்தான். படம் மட்டும் போய், பாட்டோ நண்பரின் குரலோ தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் நிலைமை வேறு: மையம் ஓடுகிறது, கிராஃபிக்ஸ் கார்டோ மானிட்டர் இணைப்போதான் விழுந்திருக்கிறது. இந்த ஒரே வேறுபாடு அரைநாள் தேடலை மிச்சப்படுத்தும்.

எந்த எச்சரிக்கையும் இன்றிக் கணினி அடியோடு அணைகிறது. எங்கே தொடங்குவது?

இங்கு இருவர் மீது மட்டுமே முதல் சந்தேகம்: வெப்பம், மின்சாரம். அணைந்தவுடன் பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே இயங்கி, சில நிமிடங்களில் மீண்டும் அணைந்தால் வெப்பம். பொத்தானுக்கு அசையாமல், எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறச் சுவிட்சை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போட்ட பிறகே இயங்கினால், எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று வெட்டியிருக்கிறது.

வெப்பத்தை எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளில் பார்க்கலாம். இன்டெல் மேசைக் கணினி ப்ராசஸர்கள் பலவற்றின் உச்ச வரம்பு 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95. வரம்பைத் தொட்டவுடன் ப்ராசஸர் அணைவதில்லை. முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, அதற்கும் வெப்பம் அடங்காதபோதுதான் அணைக்கிறது. எனவே வெப்பத்தால் அணையும் கணினி அதற்கு முன்பே மந்தமாகியிருக்கும். அதிக வேலை எதுவும் இல்லாதபோதே 80 டிகிரி காட்டினால் ஹீட் சிங்க் சரியாக அமரவில்லை. இன்டெல் ப்ராசஸருடன் வரும் ஹீட் சிங்க்கின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று மேலே எழும்பிக்கொள்வது மிகச் சாதாரணமான நிகழ்வு. நான்கையும் பின்புறத்திலிருந்து பார்த்து, உள்ளே முழுதாக நுழைந்துள்ளனவா என்று உறுதிசெய்யுங்கள். ப்ராசஸருக்கும் ஹீட் சிங்க்கிற்கும் இடையில் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தால் பழையதைத் துடைத்துப் புதிதாக இடுங்கள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, மேசைக் கணினி எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் வரையறைப்படி 12 வோல்ட் தடம் 11.4-க்கும் 12.6-க்கும் இடையிலும், 5 வோல்ட் தடம் 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். ஆனால் மென்பொருள் காட்டும் மின்னழுத்த எண்களை வைத்து எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். மதர்போர்டின் உணரிகள் பல சமயம் பிழையான எண்களைத் தரும். மல்டிமீட்டரே நம்பத்தக்கது. அதுகூட மில்லிவினாடி அளவில் நிகழும் சரிவைக் காட்டாது. இன்றைய கிராஃபிக்ஸ் கார்டுகள் தங்கள் சராசரியைவிடப் பன்மடங்கு மின்சாரத்தைக் கணநேரம் இழுப்பவை. அதனாலேயே 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 வரையறை, உயர்திறன் எஸ்எம்பிஎஸ்கள் தம் அறிவிக்கப்பட்ட திறனின் இருமடங்கை 100 மைக்ரோவினாடி வரை தாங்க வேண்டும் என்று வகுத்தது. சும்மா இருக்கும்போது மணிக்கணக்கில் ஓடி, விளையாட்டு தொடங்கிய சிறிது நேரத்தில் அணையும் கணினியில், வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை இல்லை.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் "கெர்னல்-பவர் 41" என்று சிவப்பில் உள்ளது. அதுதானே காரணம்?

அது காரணமன்று, வெறும் அறிவிப்பு. முறையாக அணைக்கப்படாமலேயே கணினி மீண்டும் தொடங்கியது என்பதை, மீண்டும் தொடங்கிய பிறகு விண்டோஸ் எழுதிவைக்கிறது, அவ்வளவே. நீங்களே பிளக்கைப் பிடுங்கினாலும் இதே வரிதான் வரும். அதன் விவரப் பகுதியில், நீலத் திரையின் பிழை எண்ணான பக்செக் குறியீடு சுழியாக இருந்தால், விண்டோஸுக்கு எதையும் எழுத அவகாசமே கிடைக்கவில்லை என்று பொருள். மின்சாரம் அல்லது முழு உறைவு. சுழியாக இல்லாவிட்டால் நீலத் திரை வந்துபோயிருக்கிறது.

உண்மையில் தேட வேண்டியவை அதற்கு முந்தைய சில நிமிடங்களின் வரிகள். டிஸ்க் என்ற பெயரில் 7 அல்லது 153, டிஸ்க்கின் பக்கம் கைகாட்டும். டிஸ்ப்ளே 4101 என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் பதில் தராமல் நின்று மீண்டிருக்கிறது. டபிள்யூஎச்இஏ-லாகர் 18 என்றால் வன்பொருளே தன் பிழையை ஒப்புக்கொண்டுவிட்டது. லினக்ஸில், முந்தைய இயக்கத்தின் பதிவை ஜர்னல்சிடிஎல் கட்டளை மூலம் பார்க்கலாம்.

நீலத் திரை ஒரு நொடி தோன்றி மறைகிறது; படிக்க முடியவில்லை.

சிஸ்டம் பிராபர்ட்டீஸில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி பகுதிக்குச் சென்று, தானாக மறுதொடக்கம் செய்யும் தேர்வை நீக்குங்கள். அடுத்த முறை திரை நிற்கும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில் இந்தத் திரை கருமையாகவும் இருக்கும், செய்தி அதே.

ஒரு பெயரை வைத்து மட்டும் முடிவுக்கு வர இயலாது. மெமரி மேனேஜ்மென்ட் என்று வந்தால் ரேமையும், கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர் என்றால் டிஸ்க்கையும், வீடியோ டிடிஆர் ஃபெயிலியர் என்றால் கிராஃபிக்ஸையும் முதலில் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பெயரும் ஒரே கோப்பும் வந்தால் டிரைவர். ஒவ்வொரு முறையும் தொடர்பற்ற வேறு வேறு பெயர்கள் வந்தால் பெரும்பாலும் ரேம். இந்த இரண்டாவது அடையாளம் எந்தத் தனிப் பெயரையும்விட மதிப்புள்ளது.

ரேமை எப்படிச் சோதிப்பது?

மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, இரவு முழுதும் ஓடவிடுங்கள். நான்கு சுற்றுகள் முடிய வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான். "கோடிக்கணக்கான இடங்களில் ஒன்றுதானே" என்ற சமாதானம் இங்கு செல்லாது. பிழை வந்ததும் ரேமைத் தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ இயக்கத்தில் இருந்தால் அதை அணைத்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். பெட்டியின் மேல் அச்சிட்ட வேகம் பெரும்பாலும் இந்த அமைப்பில் கிடைக்கும் மிகைவேகம். ரேம் நலமாகவே இருந்து, ப்ராசஸரின் நினைவகப் பகுதி அந்த வேகத்திற்கு ஈடுகொடுக்காமல் போவது உண்டு. அணைத்த பிறகும் பிழை வந்தால், ஒரு துண்டை மட்டும் வைத்து ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். இரு துண்டுகள் மட்டும் இருக்கும் நான்கு இடப் போர்டுகளில், ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதுமான இடங்களே பெரும்பாலும் சரியானவை.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர்களில் முடக்கம் வருவது உண்மையா?

உண்மை. இந்த இரு தலைமுறைகளின் மேசைக் கணினி ப்ராசஸர்களில், ப்ராசஸரின் உள்ளேயே ஓடும் நிரலான மைக்ரோகோடு தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைக் கேட்டதால் நிலைத்தன்மை குலைந்தது என்று 2024 ஜூலையில் இன்டெல் அறிவித்தது. ஆகஸ்டு முதல் திருத்திய மைக்ரோகோடுகள் பயாஸ் புதுப்பிப்புகளாக வந்தன. உத்தரவாதக் காலமும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. போதிய கிராஃபிக்ஸ் நினைவகம் இருந்தும் விளையாட்டுகள் "வீடியோ நினைவகம் போதவில்லை" என்று சொல்லி மூடிக்கொள்வதும், பெரிய கோப்புகளை விரிக்கையில் பிழை வருவதும் இதன் புகழ்பெற்ற அடையாளங்கள். பயாஸைப் புதுப்பித்தால் இனி சேதம் தடுக்கப்படும். ஏற்கெனவே சேதமான ப்ராசஸர் அதனால் குணமாகாது. புதுப்பித்த பிறகும் முடக்கம் தொடர்ந்தால் உத்தரவாதத்தில் மாற்றக் கேளுங்கள்.

கோளாறு மென்பொருளா வன்பொருளா என்று எப்படிப் பிரிப்பது?

லினக்ஸைப் பென் டிரைவிலிருந்தே தொடங்கி, அதே சுமையைக் கொடுத்து இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அங்கும் விழுந்தால் விண்டோஸை மறுபடி நிறுவுவதில் பயனில்லை. அங்கு நன்றாக ஓடினால், கடைசியாக என்ன புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரே ஒரு பிழையான புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. அவற்றில் ஒரு திருகுகூடக் கெட்டிருக்கவில்லை. விண்டோஸின் உட்கருவான கெர்னல் அளவில் இயங்கும் எதற்கும் அந்த வலிமை உண்டு: ஆன்டிவைரஸ், விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்பான், விசிறி விளக்குகளின் நிறம் மாற்றும் சிறு மென்பொருள்கூட. அந்தக் கடைசி வகையை நான் எப்போதும் முதலில் நீக்கச் சொல்வேன்.

எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன், இன்னும் மறுதொடக்கம் ஆகிறது.

கேபினட்டின் ரீசெட் பொத்தானைச் சந்தேகித்தீர்களா? பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டாலோ அதன் கம்பியின் உறை கிழிந்து தகட்டைத் தொட்டாலோ, யாரோ பொத்தானை அழுத்தியதாகவே மதர்போர்டு எண்ணிக்கொள்ளும். மதர்போர்டின் முன்பலகை ஊசிகளிலிருந்து ரீசெட் கம்பியை உருவிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை. அடுத்து, சுவர் சாக்கெட்டையும் நீட்டிப்புப் பலகையையும் மாற்றிப் பாருங்கள். தளர்ந்த பிளக்கில் நேரும் நொடிநேரத் தடங்கலை, எஸ்எம்பிஎஸ் ஏறத்தாழ 16 மில்லிவினாடிக்கு மேல் தாங்காது.

அதன்பிறகும் தீராவிட்டால், போர்டைக் கேபினட்டிலிருந்து எடுத்து அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, ப்ராசஸர், ஒரு ரேம் துண்டு, ஹீட் சிங்க், எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றோடு மட்டும் இயக்குங்கள். ப்ராசஸரில் கிராஃபிக்ஸ் இல்லாவிட்டால் கார்டும் வேண்டும். வெளியே நன்றாக ஓடினால், உள்ளே தேவையற்ற இடத்தில் முறுக்கப்பட்ட தாங்கித் திருகு ஒன்று போர்டின் அடிப்புறத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் போதிய நேரம் ஓட்டுங்கள். ஒரே நாளில் இரண்டைச் சேர்த்தால் எதனால் விழுந்தது என்று சொல்ல முடியாமல் போகும்.

கிராஃபிக்ஸ் கார்டின் 16 ஊசி மின் இணைப்பைக் குறித்துக் கவலைப்பட வேண்டுமா?

ஒரு முறை கவனமாகப் பார்த்தால் போதும். 2022 இறுதியில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் சிலவற்றில் இந்த இணைப்பு உருகியது. முழுதாகச் செருகப்படாததும் ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டது. பூட்டு விழும்வரை அழுத்துங்கள். இணைப்பிற்கும் கார்டிற்கும் இடையில் இடைவெளி தெரியக் கூடாது. இணைப்பை ஒட்டியே கேபிளைக் கூர்மையாக மடக்காதீர்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அந்தக் கேபிளை மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.

பழுது பார்ப்பவரிடம் கொண்டுசெல்லும்போது என்ன சொல்ல வேண்டும்?

மேலே சொன்ன தாளைக் கொடுங்கள். நின்ற விதம், நேரம், அப்போது ஓடிய மென்பொருள், மெம்டெஸ்ட்86 எத்தனை சுற்று ஓடியது, எந்த எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்த்தீர்கள் என்பவையும், கைப்பேசியில் பதிவுசெய்த ஒலியும் இருந்தால், அவர் முதல் மணி நேரத்தை உங்களிடம் இவற்றைக் கேட்டறிவதில் செலவிடமாட்டார். கணினி அவருடைய மேசையில் ஒழுங்காக ஓடினால், "பழுதே இல்லை" என்ற பதிலோடு திரும்பிவிடாமல், உங்கள் வீட்டின் மானிட்டர் கேபிள், யுஎஸ்பி கருவிகள் ஆகியவற்றையும் எடுத்துச்சென்று அங்கு மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சாக்கெட்டை எடுத்துச்செல்ல முடியாது என்பதால், அதை மட்டும், கணினியை வீட்டில் வேறொரு அறையின் சாக்கெட்டில் மாட்டிப் பார்த்து நீங்களே சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.